உதறிவிட்டுப் படுக்காதீர்கள்

ராத்திரி இரண்டு மணி. நாலரைக்கு எழுந்து உலை வைத்து, இருட்டோடு ஜீப்புக்கு நிற்க வேண்டியவர் அந்நேரம் அயர்ந்து தூங்க வேண்டும். ஆனால் பாயில் எழுந்து உட்கார்ந்திருக்கிறார். வலது கை மதமதவென்று மரத்துக் கிடக்கிறது. விரல் நுனியில் எறும்பு ஊர்கிறது. நடுநடுவே சுரீர் என்று ஒரு குத்து. கையைத் தொங்கப்போட்டுப் பார்க்கிறார், நீவிப் பார்க்கிறார். பிறகு, காய்ச்சல் பார்த்த தெர்மாமீட்டரை நர்ஸம்மா உதறுவாரே, அதே போலக் கையை உதறுகிறார். கொஞ்ச நேரத்தில் உணர்ச்சி திரும்புகிறது. படுத்துவிடுகிறார். விடிந்தபின் யாரிடமும் சொல்வதில்லை. யாராவது கேட்டாலும், "காய் எடுக்கிற கை வலிக்காம என்ன செய்யும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

ராசிங்காபுரத்து அக்காமாரே, மதினிமாரே, அத்தைமாரே! சிலமலையிலும் தேவாரத்திலும் போடியிலும் இருந்து ஏலக்காய் எடுக்க மலைக்குப் போய்வருகிறவர்களே! கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இனி ஒரு ராத்திரிகூடக் கையை உதறிவிட்டுப் பேசாமல் படுத்துவிடாதீர்கள். அந்த உதறலை மருத்துவர்கள் ஒரு நோயின் அடையாளமாகவே குறித்து வைத்திருக்கிறார்கள். நோயின் பெயர் கார்ப்பல் டனல். மணிக்கட்டுக்குள் நரம்பு நெரிபடுவது.

எந்த விரல் மரக்கிறது என்று இன்றைக்கே கவனியுங்கள். பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி என்றால் சந்தேகம் பலமாகிறது. சுண்டுவிரல் மட்டும் தப்பி நிற்கும். ஏனென்றால் அதற்குப் போகும் நரம்பு வேறு வழியில் போகிறது. மணிக்கட்டில், உள்ளங்கை தொடங்கும் இடத்தில், எலும்புகளால் ஆன ஒரு குறுகலான பாதை இருக்கிறது. மேலே கூரை போட்டது போல ஒரு தடித்த தசைநார். அந்தப் பாதைக்குள் விரல்களை மடக்குகிற ஒன்பது நாண்களும் ஒரே ஒரு நரம்பும் போகின்றன. போடிமெட்டு ஏறுகிற ஜீப்பை நினைத்துக்கொள்ளுங்கள். அடைத்து ஏற்றிய வண்டி. மழைநாளில் எல்லோரும் ஸ்வெட்டரும் கொங்காணியும் போட்டுக்கொண்டு ஏறினால், ஆள் எண்ணிக்கை கூடாமலே இடம் இறுகும். ஓரத்தில் இருக்கிற சின்னப் பெண்தான் கம்பியோடு நசுங்குவாள். மணிக்கட்டுக்குள் அந்தச் சின்னப் பெண் நரம்பு. சுற்றியிருக்கிற நாண்களின் உறை வீங்கினாலோ, கூரை தடித்தாலோ, உடம்பில் நீர் கோத்தாலோ முதலில் நசுங்குவது அதுதான்.

1854-இலேயே லண்டன் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பேஜெட், எலும்பு முறிந்த மணிக்கட்டில் இந்த நரம்பு நெரிபடுவதை எழுதி வைத்தார். கம்ப்யூட்டரும் கீபோர்டும் வந்த பிறகு ஐ.டி. பிள்ளைகளின் நோய் என்று இதற்குப் பெயராகிவிட்டது. அந்தப் பெயர் நமக்கு எவ்வளவு கெடுதல் செய்திருக்கிறது தெரியுமா? பலம் கொடுத்துப் பிடிப்பதும், ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதும், அதிர்கிற கருவியைப் பிடிப்பதும்தான் மணிக்கட்டுக்குப் பெரிய எதிரிகள். குனிந்து, செடியின் அடியில் தரையோடு படர்ந்த ஏலச்சரத்தில் இருந்து பழுத்த பக்குவம் பார்த்து ஒவ்வொரு காயாகக் கிள்ளுகிற விரலைவிடவா கீபோர்டு தட்டுகிற விரல் உழைக்கிறது? ஆடி ஆவணியில் தொடங்கித் தை வரைக்கும் சுற்றுச் சுற்றாய் காய் எடுப்பு. அது ஓய்ந்தால் போடி ஸ்டோர்களில் தரம் பிரிப்பு. பச்சை வேறு, வெளுப்பு வேறு, பிளந்தது வேறு என்று நாள் முழுக்கக் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் கொத்திக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு வந்தால் மாட்டுக்குப் பால் பீச்ச வேண்டும், தேங்காய் துருவ வேண்டும், துணி பிழிய வேண்டும். ஆண்களுக்கும் சொல்கிறேன்: புல் வெட்டும் மெஷினைக் காலை முதல் சாயங்காலம் வரை பிடிக்கிற கைக்கும் இதே கதிதான்.

அப்படியானால் வேலைதான் காரணம், இதில் சோற்றைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நானும் கேட்டுப் பார்த்தேன். ஒரே ஜீப்பில் ஏறி, ஒரே தோட்டத்தில், ஒரே நிரையில் காய் எடுக்கிற பத்துப் பேரில் இரண்டு மூன்று பேருக்கு மட்டும் கை மரக்கிறதே, மற்றவர்களுக்கு ஏன் இல்லை? பிறவியிலேயே சிலருக்குப் பாதை குறுகல். மாசமாக இருக்கிறவர்களுக்கு உடம்பில் நீர் கோத்து வரும். பிள்ளை பிறந்ததும் பெரும்பாலும் சரியாகிவிடும். மாதவிலக்கு நிற்கிற வயதிலும் அதிகம் வருகிறது. மொத்தத்தில் ஆணைவிடப் பெண்ணுக்கே பல மடங்கு அதிகம். இவற்றையெல்லாம் நம்மால் மாற்ற முடியாது. மாற்றக்கூடியவை என்று மிஞ்சுவதில் மூன்று பெரியவை: சர்க்கரை நோய், உடற்பருமன், தைராய்டு சுரப்புக் குறைவு. முதல் இரண்டும் நம் அடுப்படியிலும் டீக்கடையிலும் வளர்பவை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எந்தக் கீரையும், எந்தக் கஷாயமும், எந்தச் சிறுதானியமும் நெரிபட்ட அந்தப் பாதையைத் திறந்துவிடாது. "இதைச் சாப்பிட்டால் நரம்பு சுத்தமாகும்" என்று யாராவது டப்பாவைக் காட்டினால் காசை இடுப்பிலேயே முடிந்து வையுங்கள். ஆனால் ரத்தத்தில் சர்க்கரை ஏறிக் கிடந்தால் அது நாண்களையும் அந்தக் கூரையையும் தடிக்க வைக்கிறது, விறைக்க வைக்கிறது. நரம்புக்கு ரத்தம் கொடுக்கும் நுண்குழாய்களைக் கெடுக்கிறது. ஏற்கெனவே இளைத்துப்போன நரம்பு, கொஞ்சம் நெருக்கினாலும் நசிந்துபோகிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் என்றும், மிகப் பருமனான உடம்புக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு என்றும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். வேலை எல்லோருக்கும் ஒன்றாக இருக்க, சிலர் கையை மட்டும் நோய் தேர்ந்தெடுப்பதன் ரகசியத்தில் ஒரு பங்கு இங்கே இருக்கிறது.

"உழைக்கிற உடம்புக்குச் சர்க்கரை எங்கிருந்து வரும்?" என்பது நம் பக்கத்தில் அசைக்க முடியாத நம்பிக்கை. அது உட்கார்ந்து தின்கிற முதலாளி வியாதி என்று பேச்சு. அந்தக் காலம் மலையேறிப் போய்விட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுக்க நடத்திய ஆய்வின் முடிவு 2023-இல் வந்தது. இந்தியாவில் பெரியவர்களில் 100-க்கு 11 பேருக்கு மேல் சர்க்கரை. தமிழ்நாட்டில் 100-க்கு 14 பேருக்கு மேல். கிராமம் என்று அது ஒதுங்கிப் போகவில்லை, ஒல்லி என்று விட்டுவைக்கவும் இல்லை.

எங்கிருந்து வருகிறது என்று தெரிய, ஒரு நாள் சாப்பாட்டை விடியலில் இருந்து எண்ணிப் பார்ப்போம். எழுந்ததும் ஒரு வரக்காப்பி. ஜீப் வர நேரமானால் தெருமுனைக் கடையில் ஒரு டீ, கூட ஒரு பன் அல்லது இரண்டு வருக்கி. பதினேழு கொண்டை ஊசி வளைவும் ஏறி முடித்தால் குளிர். மெட்டிலோ பூப்பாறையிலோ ஒரு கட்டஞ்சாயா, சூடாக ஒரு பழம்பொரி. பத்து மணிக்குத் தோட்டத்து டீ. மத்தியானம் தூக்குவாளிச் சோறு: முக்கால் வாளி ரேஷன் அரிசி, மேலே குழம்பு, ஓரத்தில் ஊறுகாய். மூன்று மணிக்கு டீ. இறங்கி வந்ததும் அலுப்புக்கு ஒரு டீ. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல், எல்லோரும் சாப்பிட்ட பிறகு, மறுபடி சோறு.

ஒரு டீக்கு இரண்டு கரண்டி சர்க்கரை என்று குறைவாகவே வைத்துக்கொள்ளுங்கள். கரண்டி ஐந்து கிராம். காலை வரக்காப்பியையும் சேர்த்து ஆறு டம்ளருக்கு 60 கிராம். பன்னிலும் வருக்கியிலும் இருப்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நின்றால் உடம்புக்கு நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. காலை பத்து மணிக்குள் நாம் அதைத் தாண்டிவிடுகிறோம்; அதுவரை வயிற்றுக்குள் பருப்பு என்றோ பயறு என்றோ முட்டை என்றோ ஒன்றும் இறங்கியிருக்காது.

டீயை விடச் சொல்லவில்லை. மலைக் குளிரில் டீயை விடச் சொல்கிறவன் மலையே ஏறாதவனாகத்தான் இருப்பான். சர்க்கரையைக் குறையுங்கள் என்கிறேன். இந்த வாரம் இரண்டு கரண்டியை ஒன்றாக்குங்கள், அடுத்த மாதம் அரையாக்குங்கள். நாக்கு பழகிவிடும். நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் போட்டால் ஒன்றும் செய்யாது என்று நினைத்து இரட்டிப்பாகப் போட்டுக்கொள்ளாதீர்கள். ரத்தத்தில் போய்ச் சேர்ந்தால் அதுவும் சர்க்கரைதான். பன்னுக்குப் பதில், முந்தின ராத்திரி ஊறவைத்த தட்டைப்பயறோ மொச்சையோ கொண்டைக்கடலையோ அவித்து ஒரு டப்பாவில் எடுத்துப் போங்கள். வறுத்த நிலக்கடலை ஒரு கை. நம் மானாவாரிக் காட்டில் விளைகிறதை நாமே டீக்கடை வருக்கிக்காக மறந்துபோனோம்.

ரேஷன் அரிசியைப் பழிக்க எனக்கு வாய் வராது. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் அது விலையில்லாமல் கிடைக்கிறது. எத்தனையோ வீட்டில் அடுப்பு அணையாமல் காத்தது அதுதான். தப்பு அரிசியில் இல்லை, வாளிக்குள் அது பிடித்துக்கொண்ட இடத்தில். அதே ரேஷன் கடையில் மானிய விலைக்குத் துவரம் பருப்பும் கிடைக்கிறதே, அது யாருக்கு? வாளியைப் பாதியாகப் பிரியுங்கள். பாதி சோறு. மறுபாதியில் கெட்டிப் பருப்போ பயறோ ஒரு பங்கு, பொரியலோ கீரையோ ஒரு பங்கு. முருங்கை மரம் இல்லாத தெரு நம் ஊரில் இருக்கிறதா? கம்பும் சோளமும் நல்லவைதான், வயிறு தாங்கும், சர்க்கரையைக் கொஞ்சம் நிதானமாக ஏற்றும். அதற்காகக் கம்பங்கூழ் மருந்து என்று இரண்டு சொம்பு குடிக்காதீர்கள். கூழாகக் கரைத்த மாவு விறுவிறுவென்று ரத்தத்தில் ஏறும். இப்போது சிறுதானிய பிஸ்கட் என்று ஒன்று வந்திருக்கிறது. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் கொடுத்து, மைதாவும் சர்க்கரையும் எத்தனையாவது இடத்தில் இருக்கின்றன என்று படிக்கச் சொல்லுங்கள்.

இனி நான் சொல்வது வீட்டில் இருக்கிற ஆம்பளைகளுக்கு. கடுமையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக் காலைச் சாப்பாடு கிடைக்கிறது. மத்தியானம் சத்துணவில் முட்டை கிடைக்கிறது. அதே பிள்ளையின் தாய் வெறும் வயிற்றில் டீயைக் குடித்துவிட்டு மலை ஏறுகிறாள். ராத்திரி நீங்களும் பிள்ளைகளும் சாப்பிட்டு எழுந்தபின், குழம்புச் சட்டியின் அடியில் இருப்பதை நிறையச் சோற்றில் பிசைந்து அவள் முடித்துக்கொள்கிறாள். கறி எடுத்த ஞாயிற்றுக்கிழமைகூட அவள் தட்டில் எலும்பும் சாறும்தான். குறைவாகச் சாப்பிடுகிறாள் என்று நினைக்காதீர்கள். சத்து குறைவாக, மாவு அதிகமாகச் சாப்பிடுகிறாள். உடம்பு ஊதும், ரத்தம் சோகையாகும், சர்க்கரை ஏறும். மூன்றும் ஒரே உடம்பில் நடக்கும். இதைப் பெரிய தியாகம் என்று புகழ்ந்தே பழகிவிட்டோம். வீட்டுக்குச் சம்பளம் கொண்டுவருகிற கையைக் கடைசிப் பந்தியில் உட்கார வைப்பது அநியாயம். இன்றைக்கு ராத்திரியில் இருந்து அவள் தட்டு உங்கள் தட்டோடு சேர்ந்து தரையில் இறங்கட்டும். முட்டை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றால் அது அவளுக்கு. துணி பிழிவதும் தேங்காய் துருவுவதும் இனி உங்கள் வேலை. உங்கள் மணிக்கட்டு ஒன்றும் தேய்ந்துவிடாது. காலையில் டம்ளர் நழுவி விழுந்தால் திட்டாதீர்கள். விரலில் உணர்ச்சி இல்லாமல் நழுவுகிறது.

முட்டையைக் குறிப்பிட்டுச் சொல்ல ஒரு காரணம் உண்டு. நரம்புக்கு பி12 வைட்டமின் வேண்டும். அது செடிகொடியில் இல்லை. பால், தயிர், முட்டை, மீன், கறியில்தான் இருக்கிறது. அது குறைந்தாலும் கைகால் மரக்கும். பெரும்பாலும் பாதத்தில் தொடங்கி, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை பல வருஷம் சாப்பிடுகிறவர்களுக்கு உடம்பு பி12-ஐ ஈர்ப்பது குறையும். மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை, நிறுத்தவே கூடாது. ஆனால் மாத்திரை சாப்பிடுகிறவர் கை மரத்தால், பி12 பார்க்கலாமா என்று மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மாடு வைத்திருக்கிற வீடுகள் நம் பக்கம் நிறைய. பால் முழுக்கச் சொசைட்டிக்குப் போகிறது. கறக்கிற கைக்கு ஒரு டம்ளர் மோராவது மிஞ்சட்டும்.

இந்த இடத்தில்தான் நரம்பு ஊசி உள்ளே நுழைகிறது. கை மரக்கிறது என்று சொன்னதும் மருந்துக் கடையில் சிவப்பு ஊசியும் நரம்பு மாத்திரையும் கைக்கு வந்துவிடும். பி12 குறைந்தவருக்கு அது மருந்து. குறையாதவருக்கு வீண் செலவு. கூடவே அந்த மாத்திரைகளில் பி6 சேர்ந்திருக்கும். 1970-களில் அமெரிக்காவில் சிலர் பி6 கொடுத்தால் கார்ப்பல் டனல் சரியாகிறது என்று எழுதினார்கள். பிறகு முறையாகச் சோதித்தபோது அது நிலைக்கவில்லை. இதில் கொடுமை என்னவென்றால், பி6-ஐ அதிக அளவில் நாள்பட விழுங்கினால் அதுவே நரம்பைக் கெடுத்துக் கையை மரக்கச் செய்யும்! எந்த வியாதிக்குச் சாப்பிடுகிறோமோ அந்த வியாதியையே காசு கொடுத்து வாங்குகிற கதை. சாப்பாட்டில் வருகிற பி6 அப்படிச் செய்யாது. வாழைப்பழமும் கொண்டைக்கடலையும் கொடுக்கிற அளவு உடம்புக்குப் போதும். நரம்பு மாத்திரையைவிட மோசம், பேர் இல்லாத மூட்டுவலிப் பொடியும், ஒரு வேளையிலேயே வலி பறந்துபோகிற மாத்திரையும். அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். வலி பறக்கும், சர்க்கரை தாறுமாறாக ஏறும்.

உப்பைப் பற்றிக் கேட்கிறார்கள். உப்பைக் குறைத்தால் கை மரப்பு போகும் என்று சொல்ல ஆதாரம் போதாது. ஆனால் உடம்பில் நீர் கோக்கிறவர்களும் ரத்தக்கொதிப்பு உள்ளவர்களும் ஊறுகாய், அப்பளம், கருவாட்டில் கையை அடக்கிக்கொள்வது எப்படியும் நல்லது. குறைத்துப் போடுகிற உப்பு அயோடின் உப்பாக இருக்கட்டும்.

தைராய்டு குறைந்தால் திசுக்களில் ஒருவித நீர்க்கோவை சேர்ந்து மணிக்கட்டுப் பாதையும் நெரியும். முகம் உப்பல், அசதி, மலச்சிக்கல், தூரம் தள்ளிப்போவது, குளிர் தாங்காமை இவற்றோடு கை மரப்பும் சேர்ந்திருந்தால் ரத்தப் பரிசோதனை அவசியம். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு விஷயம். அவசரத்தில் அந்த மாத்திரையை வரக்காப்பியோடு விழுங்கிவிட்டு ஜீப்புக்கு ஓடுகிறீர்கள். காப்பியோடு போனால் மாத்திரை சரியாக உடம்பில் சேராது. கண் விழித்ததும் வெறும் தண்ணீரில் மாத்திரை. உலை கொதித்து, வடித்து, அரை மணி நேரமாவது ஆனபின் காப்பி. உங்கள் வேலை ஒழுங்குக்குள்ளேயே அந்த அரை மணி நேரம் இருக்கிறது. சர்க்கரை மாத்திரைக்கு நேர்மாறு. மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வண்டி ஏறாதீர்கள். சில மாத்திரைகள் வெறும் வயிற்றில் சர்க்கரையை ஒரேயடியாக இறக்கிவிடும். மலைப்பாதையில் மயங்கினால் ஆஸ்பத்திரி பக்கத்தில் இல்லை. வெள்ளிக்கிழமை விரதக்காரர்களே, சாமி உங்கள் பட்டினியைக் கேட்கவில்லை.

குடிக்கிறவர்களுக்கு ஒரே வரி. சாராயம் நரம்புக்கு நேரடியான விஷம். புல் வெட்டும் மெஷின் பிடித்த கைக்குச் சாயங்காலம் அதையும் ஊற்றினால் எந்த மருத்துவரும் உதவ முடியாது.

சாப்பாடு பலன் தர மாதக்கணக்காகும். அதுவரை நரம்பு காத்திருக்காது. இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: ராத்திரி மணிக்கட்டு மடங்காமல் இருக்க வேண்டும். கன்னத்துக்கு அடியில் கையை மடக்கி வைத்துப் படுக்கிறோமே, அப்போதுதான் பாதை மிகவும் நெரிகிறது. மருந்துக் கடையில் மணிக்கட்டை நேராக நிறுத்துகிற பட்டை கிடைக்கும். இறுக்காமல் கட்டிக்கொண்டு படுங்கள். ஆறு வாரம் விடாமல் போட்டும் குறையவில்லை என்றாலோ, பகலிலும் மரத்தாலோ, பெருவிரலுக்குக் கீழே இருக்கும் சதைமேடு வற்றிப் பள்ளமானாலோ ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. அந்தச் சதை வற்றினால் திரும்ப வருவது சந்தேகம். ஊக்கு மாட்ட முடியாது, சில்லறை பொறுக்க முடியாது, காய் கிள்ளவே முடியாது. க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அறுவை சிகிச்சை என்று சொன்னால் நடுங்காதீர்கள். நரம்பை வெட்டுவதில்லை, நான் முன்னால் சொன்ன கூரையை வெட்டி நரம்புக்கு இடம் கொடுக்கிறார்கள். நேரத்தோடு செய்தால் கை மீளும்.

தோட்டத்துக்காரர்களும் ஸ்டோர் முதலாளிகளும் இதைப் படித்தால், உங்களுக்கும் ஒன்று. ஏலக்காய்க்கு எட்டு மில்லிமீட்டர் சல்லடை வைத்து ஒவ்வொரு காயையும் அளக்கிறீர்கள். அதைப் பிரிக்கிற விரலுக்கு ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிஷம் நீட்டி மடக்க இடம் கொடுங்கள். பத்து மணி டீயோடு வருக்கிக்குப் பதில் அவித்த பயறு கொடுங்கள். பெரிய செலவு ஆகாது. கையை உதறுகிற பெண்ணைப் பார்த்துக் கங்காணி கத்தினால், கத்தாதே என்று சொல்லுங்கள்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் பார்க்கிறார்கள். நல்ல திட்டம். ஆனால் அப்படிப் பார்க்க வருகிற பெண் உங்கள் கதவைத் தட்டுகிற நேரத்தில் நீங்கள் போடிமெட்டுக்கு மேலே இருக்கிறீர்கள். பூட்டிய வீடு என்று போய்விடுவார். அவர் பெரும்பாலும் உள்ளூர்ப் பெண்தான், உங்களுக்குத் தெரிந்தவர்தான். மதினி, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வா, இல்லாவிட்டால் வேலையில்லாத நாளில் வா என்று போய்ச் சொல்லுங்கள். அது முடியாவிட்டால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம்தான். கை மரப்பதையும், எந்த விரல் என்பதையும், ராத்திரி உதறுவதையும் அங்கே வாய்விட்டுச் சொல்லுங்கள். கேட்டால்தான் சொல்வது என்று இருக்காதீர்கள்.

நாளைக் காலை ஜீப்பில் இடித்துக்கொண்டு உட்காரும்போது பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள்: "ஒனக்கும் ராத்திரி கை மரக்குதா?" ஆமாம் என்றால், அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.